போலந்து 1830-லும் 1863-லும் ரஷ்யாவை எதிர்த்துக் கிளம்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தன்னாட்சி இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும், கடைசிவரை நிலைத்திருக்காது என்பதே என் கணிப்பு. 1815-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசரான ஜாரின் கீழ் இருந்தும் போலந்துக்குத் தனி அரசியல் சட்டம், நாடாளுமன்றம், படை எல்லாம் இருந்தன. 1830 கிளர்ச்சி தோற்றதும் மூன்றும் போயின. வார்சா பல்கலைக்கழகத்தையே இழுத்து மூடினார்கள்.

சரி, அடங்கிப் போயிருந்தால்? அதே ஜாரின் கீழ் தன்னாட்சியோடு இருந்த பின்லாந்தைப் பாருங்கள். அங்கே அப்படி ஒரு கிளர்ச்சியே இல்லை. தனி நாணயம்கூடக் கிடைத்தது. இருந்தும் 1899-இல் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் அதன் உரிமைகளில் கை வைத்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது விவசாயிகள். 1863-இல் கிளர்ச்சியாளர்கள் முதல் நாளே உழுகிறவருக்கு நிலம் என்று அறிவித்தார்கள். விவசாயிகள் அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்கத்தான் ஜார் 1864-இல், ரஷ்ய விவசாயிகளுக்குக் கிடைத்ததைவிட நல்ல நிபந்தனைகளில் நிலம் கொடுத்தார். கிளர்ச்சி இல்லையென்றால் அது வாய்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.