ஆட்டு மந்தை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற மாதம் பல பள்ளிகளிலிருந்து இருபது ஆசிரியர்கள் சேர்ந்து போலந்து போய் வந்தோம். யூதர்களை நாஜிகள் கொன்று குவித்த முகாம்களான ஆஷ்விட்ஸ்–பிர்கெனாவில் இரண்டு நாள், ட்ரெப்ளிங்காவில் ஒரு நாள், கடைசியாக வார்சாவில் அரைநாள். குவிந்து கிடந்த காலணிகளுக்கு முன்னால் உடன் வந்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. மனம் மரத்துப்போய்விட்டதா என்று அன்றிரவு தூங்கவில்லை. குழுவில் ஒருவர் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுத்ததும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று. இத்தனை லட்சம் பேர், எதிர்ப்பே காட்டாமல் ஆட்டு மந்தை போல எப்படி ரயிலேறினார்கள்? அடுத்த ஆண்டு என் 14 வயது மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாமா என்று பள்ளியில் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள ம.,

அழுகை வராததற்காக வருந்தாதீர்கள். சிலருக்கு அங்கேயே வரும், சிலருக்கு ஆறு மாதம் கழித்து அடுப்படியில் நிற்கும்போது வரும். தூக்கம் வராத மனம் மரத்துப்போன மனம் இல்லை. செல்ஃபி எடுத்தவரை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த ஆட்டு மந்தை. வரலாறு சொல்லிக்கொடுக்கும் நீங்கள் அந்த வார்த்தையை எழுதலாமா? படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அதில் பாதி என்மேல் எனக்கிருந்த கோபம் என்று. பள்ளியில் இந்தப் படுகொலையை எங்களுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் சொல்லித் தந்தார்கள். எத்தனை பேர்? 60 லட்சம். அவ்வளவுதான். அந்த அறிவோடு கல்லூரி இரண்டாம் ஆண்டில் பேச்சுப் போட்டி மேடையேறி, ‘ஆட்டு மந்தைபோலச் செத்தார்கள், நாம் அப்படி இருக்கக் கூடாது’ என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டு. அம்மா அதில் வெகுநாள் சாதம் போட்டுக் கொடுத்தாள். சில ஆண்டுகளாகவே அந்தத் தட்டு மனதில் வந்து வந்து போகிறது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது.

அந்த வார்த்தை எங்கிருந்து பரவியது தெரியுமா? 1941-இன் கடைசி இரவில் வில்னா நகரின் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், இளைஞர்கள் ரகசியமாகக் கூடினார்கள். 23 வயதுக் கவிஞர் அப்பா கோவ்னர் எழுதிய அறைகூவல் அங்கே வாசிக்கப்பட்டது. வெட்டுக்குப் போகும் ஆடுகளைப்போல நாம் போகவேண்டாம் என்றது அது. சாவின் வாசலில் நின்றவன் தன்னவர்களை உசுப்பச் சொன்ன சொல். அதையே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, செத்தவர்களைப் பார்த்து நாம் சொன்னால் அது வசை.

ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் போர்வீரர்கள் ஏறக்குறைய 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேல் பட்டினியிலும் குளிரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். பெரும்பாலும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். அவர்களை யாராவது மந்தை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வார்சா கெட்டோவில், ரயிலேற்றம் தொடங்கிய 1942 கோடைக்கு முன்பே 80,000 பேருக்கு மேல் பசியாலும் நோயாலும் போய்விட்டார்கள். அந்தப் பட்டினிக்கு நடுவே, தானாக ரயிலடிக்கு வருகிறவருக்கு 3 கிலோ ரொட்டியும் 1 கிலோ ஜாமும் தருவதாக அறிவித்தார்கள். கிழக்கே வேலை என்றார்கள். ட்ரெப்ளிங்காவில் வர்ணம் தீட்டிய கடிகாரத்தோடு ஒரு பொய் ரயில் நிலையத்தையே பின்னால் கட்டிவைத்தார்கள். கையில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய் அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

எதிர்ப்பே இல்லை என்பதும் தவறு. 1943 ஏப்ரலில் வார்சா, ஆகஸ்டில் நீங்கள் நின்ற அதே ட்ரெப்ளிங்கா, அக்டோபரில் சொபிபோர் முகாம், 1944 அக்டோபரில் நீங்கள் நின்ற அதே பிர்கெனாவ். எல்லா இடத்திலும் கிளர்ந்தெழுந்தார்கள். ஆனால் இந்தப் பட்டியலோடு நிறுத்தவும் எனக்குச் சம்மதமில்லை. நிறுத்தினால், துப்பாக்கி கிடைக்காதவர்கள் எல்லாம் மறுபடியும் ஆடுகளாகிவிடுவார்கள்.

உங்கள் குழு வார்சாவுக்கு அரைநாள்தான் ஒதுக்கியது. செத்த இடங்களுக்கு மூன்று நாள், வாழ்ந்த இடத்துக்கு அரைநாள்! அங்கே யூத வரலாற்று நிறுவனத்துக்குள் போனீர்களா? பக்கத்திலிருந்த பெரிய ஜெபக்கூடத்தை 1943 மே 16 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோது பட்ட நெருப்பின் கருகல் அதன் கூடத்துத் தரையில் இன்னும் இருக்கிறது. உள்ளே துருவேறிய ஒரு பால் கேன். நம் ஊரில் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு பால்காரர் வருவாரே, அந்த மாதிரிதான். அதன் முன்னால் நின்றபோதுதான் எனக்கு எவர்சில்வர் தட்டு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் நிற்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் கெட்டோவுக்குள் ஒரு ரகசியக் குழு வைத்திருந்தார். நாட்குறிப்பு, ரேஷன் சீட்டு, சுவரொட்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரை, மிட்டாய்த் தாள் என்று எதையும் விடாமல் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆட்களை ரயிலேற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே, முதல் பகுதியைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்து ஒரு பள்ளிக் கட்டிடத்தின் அடியில் புதைத்தார்கள். இரண்டாம் பகுதியை அடைத்த பால் கேன்கள் அடுத்த ஆண்டு புதைக்கப்பட்டன. பெட்டிகளைப் புதைத்தவர் யார்? இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன். ஓர் ஆசிரியர், ம.! கூட இருந்தவர்கள் அவருடைய பழைய மாணவர்கள் இருவர். பெட்டிக்குள் தம் உயிலையும் எழுதி வைத்தார். தனக்குப் புகழ் வேண்டாம், ஓவியரான மனைவியை நினைவுகூருங்கள், மகள் மர்கலித்தை நினைவுகூருங்கள் என்று எழுதினார். அவளுக்கு இன்று 20 மாதம், யித்திஷ் மொழியைச் சுத்தமாகப் பேசுகிறாள் என்றும் எழுதினார். வீதியில் ஆள்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தகப்பன் தன் பெண் தாய்மொழியைப் பிழையில்லாமல் பேசுவதை உலகத்துக்கு எழுதிவைக்கிறான். இவரையா மந்தை என்கிறீர்கள்?

ட்ரெப்ளிங்காவில் 17,000 கற்கள் இருக்கின்றன. பலவற்றில் ஊர்ப் பெயர்கள். ஆள் பெயர் உள்ள கல் ஒன்றே ஒன்று, ‘யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும்’ என்று. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே? அவரும் உங்களைப்போலப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்தான். அவருடைய அனாதை இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது, அவரே பலமுறை அதன்முன் நின்றிருக்கிறார். 1942 ஜூலை 18 அன்று கெட்டோவில் அந்தப் பிள்ளைகள் நடித்தது தாகூரின் தபால் நிலைய நாடகம். மூன்று வாரத்துக்குள் அவர்களையும் அவரையும் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி நாட்குறிப்பில் ஜன்னலோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெளியே துப்பாக்கியோடு நிற்கும் ஜெர்மன் சிப்பாயைப் பார்த்து, ஊரில் இவன் கிராமத்து வாத்தியாராக இருந்திருப்பானோ என்று யோசிக்கிறார். அந்த வரியை உங்கள் ஆசிரியர் குழுவில் படித்துக் காட்டுங்கள்.

சரி, பிள்ளைகள். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 14 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது. உங்கள் பிள்ளைகள் சரியாக அந்த விளிம்பில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆஷ்விட்ஸை இன்னும் இரண்டு வருடம் தள்ளிவையுங்கள். இப்போது வார்சாவுக்குக் கூட்டிப்போய் நான்கு நாள் அங்கேயே இருங்கள். லிக்டென்ஷ்டைனின் மாணவர்களில் ஒருவனுக்கு 18 வயது. அவனுடைய தாளும் பெட்டியில் இருந்தது. பெற்றோர் இருக்கும் கட்டிடத்தை வளைத்துவிட்டார்கள், ஓடிப்போய்ப் பார்க்கப் போகிறேன், எனக்கு என்ன ஆகுமோ தெரியாது என்று எழுதியிருக்கிறான். 1946 செப்டம்பரில் தோண்டி எடுத்தபோது பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, ஆனாலும் அதைப் படிக்க முடிந்தது. அந்தத் தாளை உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாய்விட்டுப் படிக்கட்டும். கடைசி வரியில் அவன் கேட்பது ஒன்றுதான். நினைவில் வையுங்கள், என் பெயர் நாஹும் கிஷிவாச்.