ஈரம் போகட்டும், பிறகு ஆணி அடிக்கலாம்

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சரக்கு அடுக்கி ஏற்றும் மரச் சட்டங்களான பலட்டுகள் நான்கை மலிவாகக் கொடுத்தார்கள். மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள். அவளுக்கு ஒரு கட்டிலும், படிக்க ஒரு மேசையும், புத்தகம் வைக்க ராக்கையும் நானே செய்துகொடுக்க ஆசை. இரண்டு பலட்டுகளில் எச்.டி. என்று முத்திரை இருக்கிறது. ஒன்றில் எம்.பி. என்று இருக்கிறது. நான்காவதில் ஒன்றுமே இல்லை. மருந்தடித்த பலகையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறான் தம்பி. உளுத்துப்போகும் என்கிறார் அம்மா. மிஞ்சுகிற துண்டுகளை அடுப்பில் வைக்கலாமா என்றும் அவரே கேட்கிறார். என்ன செய்யட்டும்?"

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அந்த நான்கு பலட்டுகளும் இப்போது எங்கே இருக்கின்றன? லயத்துக்குப் பின்னால், தகரத்திலிருந்து தண்ணீர் வடிகிற இடத்தில் சாய்த்து வைத்திருந்தால், மற்றதைப் பிறகு வாசிக்கலாம். முதலில் அவற்றை இஸ்தோப்புக்கு ஏற்றிவிட்டு வாருங்கள். இது ஜூன் மாதம். உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடப்போவதில்லை. என்னிடம் திருத்தக் கொண்டுவரப்படும் பலட் தளபாடங்களில் முக்கால்வாசி ஈரத்தால் கெட்டவை. மருந்தால் ஒருவருக்கு ஏதோ ஆனது என்று யாரும் என்னிடம் வந்ததில்லை.

ஆனாலும் தம்பியின் பயத்துக்கு மரியாதை கொடுத்து முத்திரையை முதலில் முடித்துவிடுவோம். கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம், அதன் பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், செய்தவரின் இலக்கம், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். 2002ஆம் ஆண்டு சர்வதேச தாவரப் பாதுகாப்புச் சாசனத்தின் கீழ் வந்த விதி இது. ஒரு நாட்டின் மரப்பூச்சி இன்னொரு நாட்டுக்குக் கப்பலேறக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். எச்.டி. என்றால் மரத்தின் உள்நெஞ்சு வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி, குறைந்தது 30 நிமிடங்கள் நின்றிருக்கிறது என்று பொருள். மருந்து இல்லை, சூடு மட்டும்தான். எம்.பி. என்றால் மெதில் புரோமைட் என்ற நச்சுப்புகை போட்டது. அது வாயு, பெரும்பகுதி பறந்துபோய்விடும். இருந்தாலும் ஒரு பிள்ளை இரவெல்லாம் முகம் புதைத்துத் தூங்குகிற கட்டிலுக்கு அந்தப் பலகை எதற்கு? அதைப் பிரிக்காமல் அப்படியே இஸ்தோப்பின் ஓரத்தில் போட்டு, விறகு அடுக்குங்கள். விறகும் நிலத்து ஈரத்திலிருந்து தப்பும்.

முத்திரை இல்லாத நான்காவது பலட், உள்நாட்டிலேயே சுற்றியதாக இருக்கலாம். விதி நாடு கடக்கும் மரத்துக்குத்தான். எனவே முத்திரை இல்லை என்பதே குற்றமல்ல. ஆனால் அது எங்கே கிடந்தது என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உரக் களஞ்சியத்தில் கிடந்தது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உரத்தின் உப்பு மரத்துக்குள் இறங்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை வெயிலில் போட்டாலும் மழைநாள் வந்தால் பலகை மறுபடியும் பிசுபிசுக்கும், ஆணி துருப்பிடித்துக் கறுக்கும். பூச்சிமருந்தின் மணமோ, எண்ணெய்க் கறையோ, பச்சை நிற மருந்துத் தடமோ இருந்தாலும் அதே பதில்தான். மூக்கை நம்புங்கள். பலகையின் ஓரத்தைச் சிறிது சீவி, சீவலை உள்ளங்கையில் வைத்து மோந்து பாருங்கள். பைனஸ் என்றால் பிசின் மணக்கும். ரப்பர் மரம் வெளிறிய நிறத்தில் இருக்கும், மணம் அதிகம் இராது. உள்ளே நீலக் கறை ஓடியிருந்தால் வெட்டியதும் உலர்த்தாமல் போட்டு வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

இனி ஈரம். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு முறையாவது ஏறி இறங்கியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்தை வாட்டும்போது என்ன செய்கிறார்கள்? பரப்பிப்போட்டு அடியிலிருந்து காற்றுக் கொடுக்கிறார்கள். குவித்துப் போட்டால் வெந்துபோகும். பலகைக்கும் அதே நியாயம். பலட்டைப் பிரித்து, ஆணி எடுத்து, நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் மூன்று கட்டைகளின் மேல் ஒரு வரிசை பலகை வையுங்கள். அதன் மேல் விரல் தடிப்பில் மூன்று குச்சிகள், அதற்கு மேல் அடுத்த வரிசை. குச்சிகள் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் பலகை வளைந்தபடியே உலரும், பிறகு நிமிராது. எல்லாவற்றுக்கும் மேலே கனமான கல் இரண்டு. காற்று போகட்டும், நேர்வெயில் வேண்டாம். வெயிலில் மேல்முகம் மட்டும் சுருங்கி, பலகை படகாகிவிடும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஈரம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் தராசு போதும். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்கு ஆகாது. கிராம் காட்டும் கடைத் தராசு வேண்டும். ஒரே ஒரு பலகையில் பென்சிலால் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை நிறுத்து, எடையை அந்தப் பலகையிலேயே எழுதுங்கள். நான்கு அடி நீளப் பைனஸ் பலகை ஒன்று சுமார் 1,300 கிராம் இருக்கும். முதல் இரண்டு வாரங்களில் ஐம்பது, நூறு கிராம் என்று குறையும். பிறகு பத்து கிராம். இரண்டு வாரங்கள் தொடர்ந்து எடை அசையாமல் நின்றால் அது உலர்ந்துவிட்டது. அதாவது, உங்கள் வீட்டுக் காற்று அனுமதிக்கிற அளவுக்கு உலர்ந்துவிட்டது. ஈரப்பதம் 80 சதவீதமாக நிற்கும் காற்றில் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே கொண்டுபோக ஆசைப்படுவதிலும் பயனில்லை, காற்று திருப்பி ஏற்றிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே மரத்தை அரிக்கும் பூஞ்சை தலைதூக்காது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளையில், உறவுக்காரர் வீட்டுக்கு ஓர் ஆடி மாதத்தில் மேசை செய்துகொடுத்தேன். ஏழு பலகைகளையும் இறுக்கிச் சேர்த்து, பசை போட்டு, குறுக்குச் சட்டத்தில் திருகாணியால் முடுக்கிவிட்டேன். கண்ணாடி போல இருந்தது. பெப்ரவரியில் போய்ப் பார்த்தால் நடுப்பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் வீட்டுப் பிள்ளை பென்சில் செருகி வைத்திருந்தான். நான்கு அங்குல அகலப் பலகை ஈரம் போகும்போது இரண்டு, மூன்று மில்லிமீற்றர் சுருங்கும். ஏழு பலகைகளையும் சேர்த்துப் பூட்டிவைத்தால் அந்தச் சுருக்கம் எங்காவது வெடித்துத்தானே ஆக வேண்டும்? அன்றிலிருந்து பலகைகளுக்கு இடையே ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் தடிப்பு விடாமல் நான் மேசை செய்வதில்லை.

உங்கள் பக்கத்தில் மரம் உலர நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. திம்புள்ளத் தேயிலைக்குத் தரம் கூடுகிற அதே மாதங்கள்தான். பண்டாரவளை, பதுளைப் பக்கத்து வாசகர்களுக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஊவாத் தேயிலையின் காலம். ஆனால் உங்கள் மகளுக்கு ஜனவரி வரை காத்திருக்க முடியாது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன்: கட்டில் இப்போது, மேசை பிறகு.

கட்டிலுக்கு எச்.டி. பலட்டுகள் இரண்டையும் பிரிக்கவே வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் அளவு 1,200க்கு 1,000 மில்லிமீற்றர். அப்படியிருந்தால் 1,000 மில்லிமீற்றர் பக்கங்கள் ஒரே கோட்டில் நீளமாக வரும்படி சேர்த்து வைத்தால், 2,000 மில்லிமீற்றர் நீளமும் 1,200 மில்லிமீற்றர் அகலமும் கிடைக்கும். ஆறு அடிக்கு நான்கு அடி மெத்தை அதன் மேல் உட்காரும். அகலத்தில் ஓர் அங்குலம்கூடத் துருத்தாது, தலைமாட்டில் ஆறு அங்குலத்துக்கு மேல் மிஞ்சும், விளக்கு வைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் இது பெரிய கட்டில்தான். இடம் போதாவிட்டால் ஒரு பக்கத்தை வெட்டி மூன்று அடியாக்குங்கள். வெட்டிய ஓரத்தின் அடியில் ஒரு தாங்குகட்டை புதிதாகக் கொடுக்க மறக்காதீர்கள். இரண்டு பலட்டுகளையும் ஆணியால் இணைக்காமல் நான்கு போல்ட்டுகளால் இணையுங்கள். லயத்துக் கதவின் அகலம் உங்களுக்குத் தெரியும்; நாளை வீடு மாறினால் கழற்றி எடுக்கலாம். ஆறு அங்குல உயரத்தில் கால்கள் கொடுத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் பி.வி.சி. குழாய் மூடி ஒன்றைக் கவிழ்க்காமல் கிண்ணம் போல மாட்டுங்கள். மழைக்காலத்தில் நம் சீமெந்துத் தரை வியர்க்கும். மரக்கால் அதைக் குடிக்கக் கூடாது. சுவரிலிருந்தும் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். மெத்தையின் அடியில் காற்று ஓடினால்தான் பூஞ்சணம் பிடிக்காது. இந்த விடயத்தில் இடைவெளி விட்டு அடித்த பலட், கடையில் வாங்கும் ஒட்டுப்பலகைக் கட்டிலைவிட நல்லது.

மேசைக்கும் ராக்கைக்கும் நான்காவது பலட்டைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் அநேகமானோர் பலகையை உடைக்கிறார்கள். பலட் ஆணி சாதாரண ஆணி அல்ல. உடம்பெல்லாம் திருகு வரி இருக்கும், பிடுங்க வராது. அலவாங்கைப் பலகையின் நடுவில் கொடுத்து நெம்பினால் பலகை இரண்டாகும், ஆணி அப்படியே இருக்கும். அலவாங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இரண்டு மர ஆப்புகளை, ஆணிக்கு இரு பக்கமும் ஒன்றாக வைத்து, மாறி மாறி மெதுவாகத் தட்டுங்கள். கடதாசித் தடிப்பில் ஓர் இடுக்கு விழும். இரும்பரியும் வாளின் அலகை மட்டும் கழற்றி, ஒரு முனையில் பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, அந்த இடுக்கில் விட்டு ஆணியை அறுங்கள். ஓர் ஆணிக்கு இரண்டு, மூன்று நிமிடம் எடுக்கும். கை வலிக்கும், பலகை பிழைக்கும். பலகையில் நிற்கும் ஆணித்தலையைப் பின்பக்கமிருந்து தட்டினால் வெளியே வந்துவிடும். பிறகு, பழுதான ரேடியோவின் ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பலகை முழுதும் தடவிப் பாருங்கள். ஒட்டுகிற இடத்தில் இரும்பு இருக்கிறது. அங்கே சீவுளி போட்டால் சீவுளி போச்சு.

அறுத்தெடுத்த பலகைகளைக் குசினிச் சுவரோரம், அடுப்பிலிருந்து எட்ட, முன்பு சொன்னபடி குச்சி வைத்து அடுக்குங்கள். விறகடுப்பு எரிகிற குசினி இந்த மாதத்தில் உங்கள் வீட்டிலேயே வறண்ட இடம். எடை நின்றதும், மேசையை நான்கடிக்கு இரண்டடி, உயரம் இரண்டரை அடி என்று செய்யலாம். திருகாணி போகும் இடமெல்லாம் முதலில் சிறு துளை போடுங்கள். உலர்ந்த பலட் பலகையின் முனை, துளையில்லாமல் முடுக்கினால் நிச்சயம் பிளக்கும். ராக்கைக்குப் பலகை போதாமல் போகலாம். அவசரப்பட்டு எம்.பி. பலட்டை உடைக்காமல் இன்னொன்று தேடுங்கள்.

அம்மா சொன்ன உளுப்பு உண்மைதான். எச்.டி. சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது. நாளை வரும் பூச்சியைத் தடுக்காது. ரப்பர் மரத்தில் துளைவண்டு விரும்பி ஏறும். பலகையின் கீழே மாவு போலத் தூள் விழுந்திருந்தால் அந்தப் பலகையை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். மற்றவற்றுக்கு வார்னிஷ் அடிக்கும் முன், ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, கையுறை போட்டு, தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். நன்றாக உலர விட்டு, பிறகு அரத்தாள், வார்னிஷ். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். மழையில் நனையும் பொருளுக்கு இந்த மருந்து பயன்படாது, கழுவிப் போய்விடும். கறையானுக்கென்று பழைய என்ஜின் ஒயில் பூசுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதே, அதை வீட்டுக்குள் வைக்கும் எந்தப் பொருளுக்கும் செய்யாதீர்கள். எரிந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. மணம் மாதக்கணக்கில் போகாது. மகளின் வெள்ளைச் சீருடையில் கறை படிந்தால் அதுவும் போகாது.

ஒரு காலத்தில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் கப்பலேறியது. அந்தப் பெட்டிகளைப் பிரித்து ராக்கையும் மாடமும் செய்த கைகள் நம் வீடுகளில் இருந்தன. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு பெட்டியாவது அவருக்கு நினைவிருக்கும்.

அவர் கேட்ட அடுப்புக் கேள்விக்கு: எச்.டி. முத்திரை உள்ள, வர்ணமோ மருந்தோ படாத துண்டுகளை எரிக்கலாம். எம்.பி. துண்டு, முத்திரையில்லாத பலட்டின் துண்டு, போராக்ஸ் பூசியது, வார்னிஷ் பட்டது எதுவும் அடுப்புக்கு ஆகாது. எரித்த துண்டுகளின் சாம்பலில் ஆணி கிடக்கும்; அதைக் கீரைப் பாத்திக்குக் கொட்டும் முன் அந்த ரேடியோக் காந்தத்தை ஒரு முறை சாம்பலிலும் துழாவச் சொல்லுங்கள்.