புறம்போக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் ஏரியோரம் வெறும் புறம்போக்காகக் கிடக்கிறது. குப்பையும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். அங்கே நடைபாதையும் பூங்காவும் வரப்போகிறதாம். நல்லதுதானே? சிலர் ஏன் கூட்டம் சேர்த்து எதிர்க்கிறார்கள்?
– தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பூங்காவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 'வெறும்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்வைக் கணக்குக்குப் புறம்பே போன நிலம் புறம்போக்கு. ஊருக்கு வேண்டும் என்பதற்காக, ஒருவர் பேரிலும் எழுதாமல், வரி விதிக்காமல் ஒதுக்கிவைத்தது. ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மேய்க்கால், மயானம் எல்லாமே புறம்போக்குதான். இப்படி எல்லாருக்கும் சொந்தமான நிலத்தின் பெயரை எடுத்து, உருப்படாதவனைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். பெயர் வசவாகிவிட்டால், அங்கே எதைக் கொட்டினாலும் மனம் உறுத்துவதில்லை.

பள்ளிக்கரணை கழுவெளிக்கு நடந்தது அதுதான். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் அனுப்பும் சதுப்பு நிலம் அது. தரிசு என்று நினைத்துக் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் எழுப்பினோம். அக்கம்பக்கத்துக் குடியிருப்போரும் பறவை பார்ப்போரும் ஆண்டுக்கணக்காக மனுப் போட்டு, வழக்கு நடத்தி அலைந்தார்கள். 2007-ல் 317 எக்டேர் காப்புக்காடானது. 2022-ல் சுமார் 1,248 எக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. நீங்கள் சொல்லும் 'கூட்டம் சேர்த்தவர்கள்' செய்த வேலை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் பஞ்சாபின் பட்டியாலா பக்கத்துக் கிராமக் குளம் ஒன்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக்கிரமித்த பொது நிலங்களை மீட்டு ஊரிடம் ஒப்படைக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட அந்தத் தீர்ப்பில், மீட்க வேண்டிய நிலங்களின் வரிசையில் 'பொறம்போக்கு' என்ற நம் சொல்லும் இருக்கிறது. பஞ்சாபிக் குளத்துக்குத் தமிழ்ச் சொல் துணை நின்றிருக்கிறது. நாம்தான் அதைத் தெருச்சண்டைக்கு வைத்திருக்கிறோம்.

இனி பூங்கா. நீங்கள் 'ஓரம்' என்று எழுதியிருப்பதற்கு ஏரி உள்வாய் என்று பெயர். நம் ஏரிகளுக்குப் பள்ளமான பக்கம்தான் கரை. மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் அங்கே ஏறும், கோடையில் இறங்கும். வைகாசியில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து நிலம் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆண்டில் சில மாதம் மட்டும் தண்ணீர் தங்கும் ஏரி.

உள்வாயில் 6 மீட்டர் அகலம், 800 மீட்டர் நீளத்துக்கு நடைபாதை போட்டு ஒரு மீட்டர் மண் நிரப்புவதாக வையுங்கள். 4,800 கன மீட்டர் மண். அதாவது 48 லட்சம் லிட்டர் நீருக்கு இனி ஏரியில் இடமில்லை: 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 400 லோடு. அந்தத் தண்ணீர் தாழ்வான தெருக்களைத் தேடி வரும். ஓரத்தில் சுவரும் எழுப்பிவிட்டால் சேறும் கோரையும் போகும். அவற்றை நம்பியிருக்கும் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் கூடவே போகும். நடக்க இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. கரையின் மேலேயே மண்பாதை போடலாம். கரைக்கு வெளிச்சரிவுக்கு அப்பால் மரம் வைக்கலாம். உள்வாயில் ஒரு கூடை மண்கூட வேண்டாம்.

எதிர்ப்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதிய மனு, மேசையிலேயே முடிந்துபோகும். புல எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு நான்கும் மனுவில் இருக்க வேண்டும். இவை கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் உண்டு. அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நகர அளவை முடிந்த பகுதியானால் எண் மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டையும் காட்டும் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திருத்தத்துக்கு முந்தைய பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் 'ஏரி' என்றிருந்த எண், பிந்தையதில் 210/1, 210/2 என்று உடைந்து, ஒன்று மட்டும் 'அரசு தரிசு' ஆகியிருந்தால் பிடி அங்கேதான். பி மெமோ ரசீதை யாராவது உரிமைப் பத்திரம்போல நீட்டினால் மயங்கவேண்டாம். ஆக்கிரமிப்புக்குக் கட்டிய அபராதம் அது.

சட்டத்தை மாற்றிச் சொல்வது இன்னொரு தவறு. 2017-ன் ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய ஏரிகளுக்குப் பொருந்தாது. பொதுப்பணித் துறை வசமிருந்து இப்போது நீர்வளத் துறையிடம் உள்ள ஏரியானால் 2007-ன் ஏரிப் பாதுகாப்புச் சட்டம். ஊராட்சி ஒன்றியத்து ஏரியானால் 1905-ன் நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனுப் போடுங்கள். திட்ட மதிப்பீட்டின் நகல், மண் நிரப்பு எத்தனை கன மீட்டர், நடைபாதையின் மேல்மட்டம், கலங்கல் மட்டம் (ஏரி நிரம்பி உபரிநீர் வழியும் உயரம்), நீர்வளத் துறையின் சம்மதக் கடிதம் – இவ்வளவும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உள்வாயில் போடும் பாதை கலங்கல் மட்டத்துக்கு மேலே நின்றால், ஏரியைத் தூர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், வேலை முதன்முதலில் தொடங்கியதிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நட்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். திறப்பு விழா வரை காத்திருந்து தோற்றவர்கள் நிறைய. முதல் லாரி மண் கொட்டிய அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வெள்ளி இரவில்தான் கொட்டுவார்கள், இரண்டு நாள் அலுவலகம் இருக்காது.

ஜமாபந்தி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கை, வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும். கிராமக் கணக்குகள் மேசைமேல் விரித்திருக்கும் நாள் அது. அ-பதிவேட்டு நகலோடு நீங்களும் அந்த எதிர்ப்புக் கூட்டத்தோடு போய் நில்லுங்கள்.