காணாத இரவையும் எழுதுங்கள்: வெப்பமண்டலக் காடுகளில் தவளைக் கணக்கெடுப்பு – கேள்வி பதில்

வெப்பமண்டலக் காடுகளில் தவளை, தேரை, காலில்லாத சிசிலியன் போன்ற இருவாழ்விகளைக் கணக்கெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

கேள்வி: நாங்கள் நான்கு மாணவர்கள். முதன்முறையாக ஒரு மழைக்காட்டில் கணக்கெடுக்கப் போகிறோம். எந்த முறையைப் பின்பற்றலாம்?

ஒரே முறையை நம்பிப் போகாதீர்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இரவில் தேடினால் புதரிலும் ஓடைக்கரைப் பாறையிலும் அமர்ந்திருப்பவை கண்ணில் படும். சருகுக்கடியில் வாழ்பவை படா. மரத்தின் உச்சியில் இருந்து கத்துபவற்றைக் காதால் மட்டுமே அறிய முடியும். எனவே ஓடையோரமாக 100 மீட்டர் நீளமுள்ள தடங்கள், காட்டுத்தரையில் சருகுச் சதுரங்கள், இரவு நேரத் தேடல், ஒலிப்பதிவு ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்யுங்கள். எதைச் செய்தாலும் எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் இரண்டு மணி நேரம் தேடினால் அது 8 ஆள்-மணி உழைப்பு. இந்த எண் இல்லாத பட்டியலை வேறொரு காட்டோடும் ஒப்பிட முடியாது, அதே காட்டின் அடுத்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது.

கேள்வி: சருகுச் சதுரத்தை எப்படித் தேடுவது? எங்களுக்கு எதுவும் அகப்படுவதே இல்லை.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் பகலில் கயிறு கட்டி, பக்கத்துக்கு ஒருவராக மண்டியிட்டு, வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி நகருங்கள். சருகைக் கொத்தாக வாரி எறியாமல் ஒவ்வொரு இலையாக எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மக்கிய இலையில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பொட்டு ஒன்றை விதை என்றே நினைப்பீர்கள். உற்றுப் பார்க்கும்போது அதன் தொண்டை துடிக்கும், அப்போதுதான் அது தவளை என்று புரியும்.

இதை மிகையாகச் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்ட ஏழு புதிய இரவுத் தவளை இனங்களில் நான்கு, 16 மில்லிமீட்டர் நீளத்தைக்கூட எட்டாதவை. உருவம் சிறியது, மறைவாக வாழ்வது, குரல் பூச்சியின் குரலைப் போல இருப்பது ஆகியவற்றால்தான் அவை அதுவரை கண்ணில் படாமல் போயின. பப்புவா நியூ கினியில் கண்டறியப்பட்டு 2012-இல் விவரிக்கப்பட்ட பீடோஃப்ரைன் அமாவென்சிஸ் தவளையின் சராசரி நீளம் 7.7 மில்லிமீட்டர்தான். கீச்சொலி வந்த திசையில் இருந்த சருகைப் பைக்குள் அள்ளிப்போட்டு, இலை இலையாகப் பிரித்துப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டால், இரவில் நாங்கள் அலைய வேண்டியதில்லை அல்லவா?

கருவி நல்ல துணை. ஆனால் உங்கள் வேலை முழுவதையும் அது செய்துவிடாது. பொதுவாக ஆண் தவளைகளே இனப்பெருக்க அழைப்பை எழுப்புகின்றன, அதுவும் தத்தம் பருவத்தில் மட்டும். ஓடையின் இரைச்சலில் பல குரல்கள் மூழ்கிப்போகும். எந்தக் குரல் எந்தத் தவளையுடையது என்பதை, கத்திக்கொண்டிருக்கும் தவளையைக் கண்ணால் பார்த்து, அதன் குரலைப் பதிவுசெய்து, ஒருமுறையாவது உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒலியைச் சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள். கூடவே காற்றின் வெப்பநிலையையும் எழுதுங்கள், ஏனெனில் வெப்பநிலை மாறும்போது அழைப்பின் வேகமும் மாறுகிறது.

கேள்வி: ஒரு வாரம் தங்கினால் போதுமா?

போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, பருவமழை தொடங்கும் சமயத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டுமே மேலே வருகிறது. 2003-இல்தான் அது அறிவியல் உலகுக்கு முறையாக அறிமுகமானது. நீங்கள் தங்கும் வாரத்துக்கு மறுவாரம் அது வெளிவந்தால் உங்கள் பட்டியலில் அது இருக்காது. முதல் மழை, நடுமழை, மழை ஓய்ந்த பின் என மூன்று தவணையாவது செல்லுங்கள். உழைப்பு கூடக்கூடப் புதிய இனங்கள் எவ்வளவு சேர்கின்றன என்று ஒரு வரைகோடு வரைந்து பாருங்கள். கோடு இன்னும் மேலேறிக்கொண்டிருந்தால் உங்கள் பட்டியல் முடியவில்லை என்று பொருள்.

கேள்வி: இரண்டு இரவு தேடியும் நாங்கள் எதிர்பார்த்த இனம் கிடைக்கவில்லை. இதையும் பதிவுசெய்ய வேண்டுமா?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். கட்டாயம் பதிவுசெய்யுங்கள்.

என் தொடக்கக் காலத்தில் தவளை கண்ட இரவுகளை மட்டுமே எழுதினேன். வெறுங்கையோடு திரும்பிய இரவுகளை விட்டுவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அதே ஓடைக்குப் போனபோது, முன்பு கண்ட ஓர் இனம் தென்படவில்லை. அது குறைந்துவிட்டதா, முன்பும் அரிதாகத்தான் கிடைத்ததா என்று என் குறிப்பேட்டால் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கணக்கு எளிமையானது. ஓர் இனம் அங்கே இருக்கும்போது ஓர் இரவில் அதைக் காணும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுகளும் அதைத் தவறவிடும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது ஏறத்தாழ 34 சதவீதம். காணவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒரே இடத்துக்குப் பலமுறை சென்று, கண்டதையும் காணாததையும் எழுதி வைத்தால், அந்தக் காணும் வாய்ப்பையே கணக்கிட்டுவிடலாம்.

கோஸ்டா ரிக்காவின் மோன்டேவெர்தேயில் 1987-இல் 1,500-க்கும் மேற்பட்ட பொன் தேரைகள் இனப்பெருக்கக் குட்டைகளில் கூடின. 1989-இல் ஒன்றே ஒன்று தென்பட்டது. அதன்பின் எதுவும் இல்லை. தொடர்ந்து வெறுங்குட்டைகளையும் போய்ப் பார்த்துக் குறித்தவர்கள் இருந்ததால்தான் அந்த அழிவு நமக்குத் தெரியும். அதே நாட்டின் லா செல்வா காட்டில் சருகுவாழ் இருவாழ்விகள் 35 ஆண்டுகளில் சுமார் 75 சதவீதம் குறைந்ததும், பழைய கணக்கெடுப்புகளில் உழைப்பின் அளவு எழுதப்பட்டிருந்ததால்தான் தெரியவந்தது.

கேள்வி: படத்தை மட்டும் வைத்து இனத்தை உறுதிசெய்யலாமா?

சில இனங்களுக்கு முடியும்; புதர்த்தவளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்தவற்றுக்கு முடியாது. முதுகு, பக்கவாட்டு, வயிறு, தொடையின் உட்புறம், விரலிடைச் சவ்வு, விரல்நுனித் தட்டு ஆகிய அனைத்தையும் படமெடுங்கள். மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை உள்ள நீளத்தை அளந்துகொள்ளுங்கள். குரலும் மரபணுப் பகுப்பாய்வும் சேரும்போதுதான் பல ஐயங்கள் தீரும். சந்தேகம் இருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது தவறான பெயரை எழுதுவதைவிட நேர்மையானது.

கேள்வி: தலைப்பிரட்டைகளையும் கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம், வளர்ந்த தவளைகளிலிருந்து தனியாக. ஆனால் பல புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை வெளிவருகிறது.

கேள்வி: தவளைகளைக் கையால் பிடிப்பது அவற்றுக்கு ஆபத்தா?

ஆபத்தாகலாம். அவற்றின் தோல் நீரையும் வேதிப்பொருளையும் உறிஞ்சக்கூடியது. கொசு விரட்டி தடவிய கையால் தொடாதீர்கள். இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை 1999-இல் பெயரிடப்பட்டது. அது பல நாடுகளில் இருவாழ்விகளை அழித்திருக்கிறது. அதை ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு நம் காலணியே சுமந்து செல்லலாம். விலங்குக்கு விலங்கு கையுறையை மாற்றுங்கள். ஓடைக்கு ஓடை காலணியையும் வலையையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி, கிருமிநீக்கி இட்டு, முழுவதும் உலர விடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: சிசிலியன்களை எங்கே தேடுவது? அவை மண்புழுவைப் போல இருக்குமாமே?

காலில்லாத உடலும் வளையம் வளையமான தோலும் மண்புழுவை நினைவூட்டும். ஆனால் தாடையும் பற்களும் உண்டு. ஈரமண், அழுகும் கட்டைகளின் அடி, ஓடைக்கரைச் சேறு ஆகிய இடங்களில் தேடுங்கள். தோண்டும் பரப்பையும் ஆழத்தையும் எழுதுங்கள். கட்டையைப் புரட்டினால் முதலில் கட்டையை இருந்தபடியே வைத்துவிட்டு, அதன் விளிம்பில் விலங்கை விடுங்கள். அது தானே உள்ளே நுழைந்துகொள்ளும். விலங்கை வைத்துவிட்டு அதன்மேல் கட்டையைக் கிடத்தினால் நசுங்கிவிடும்.