‘வர்றது 12632’: ஆட்டிசமும் ஆர்வமும், சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ பெரியவருக்கோ ஏதோ ஒன்றின் மேல் தீராத பிரியம். அதை வளர்ப்பதா, அடக்குவதா? சிலவற்றுக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு நாலு வரி போதும் என்று தோன்றியது.

என் மகனுக்கு 9 வயது. காலையில் எழுந்ததிலிருந்து ரயில்தான். வண்டி எண், எஞ்சின் பெயர், எந்தப் பெட்டி எந்த வருடம் செய்தது என்று ஓயாமல் சொல்கிறான். “ரயில் புத்தகத்தை எடுத்து வையுங்கள், எழுதி முடித்தால் மட்டும் கொடுங்கள்” என்று தெரபியில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு தாய், விருதுநகர்

வேண்டாம் அம்மா.

சில வருடங்களுக்கு முன் இதே வயதுப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்தான். அரை மணி நேரம் மேசைக்கு அடியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் அவன் அம்மாவிடம் பேச்சுவாக்கில், “காலையில்தான் திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன், வண்டி எண் 12631” என்றேன். மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: “12632. போறதுதான் 12631. வர்றது 12632.” தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொண்டேன். அவன் வெளியே வந்து என் எதிரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். பள்ளியிலும் வீட்டிலும் நாள் முழுக்க மற்றவர்களால் திருத்தப்படுகிற பிள்ளை, அன்று ஒரு பெரியவரைத் திருத்தினான். தன்மதிப்பு என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில் இருந்தது.

புத்தகத்தைக் கூலியாக மாற்றினால் என்ன ஆகும்? “சமையலை முடித்தால்தான் உங்கள் அம்மாவோடு போனில் பேசலாம்” என்று உங்களிடம் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான். அவன் மனது ஆறும் இடம் அந்தப் புத்தகம். எப்போது பிடுங்குவார்களோ என்ற பயம் வந்துவிட்டால் ஆறுதலும் போய்விடும், எழுதுவதன் மேல் வெறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

அதற்குப் பதில் ரயில் வழியாகவே உள்ளே போங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பொதுவாக அது செய்யப்பட்ட வருடம். 09 என்று ஆரம்பிக்கும் பெட்டிக்கு இப்போது என்ன வயது? கழித்தல் கணக்கு வந்தாயிற்று. கால அட்டவணையில் மணியும் நிமிடமும் இருக்கின்றன, ஊர்ப் பெயர் எழுதினால் எழுத்துப் பயிற்சி. இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் லெகோ கட்டைகளை வைத்து உருவாக்கிய குழு முறை 2004-இல் ஆய்விதழில் வந்தது. ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொன்று துண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், மூன்றாவது பொருத்த வேண்டும். கட்டையின் மேல் ஆசை இருப்பதால் பேச்சு தானாக வருகிறது.

எல்லை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாடு, தூக்கம், பள்ளி வேன் இவை அசையக்கூடாது. விருந்தாளியிடம் பேசக் கால் மணி நேரம், கண் முன்னால் கடிகாரம். அந்தக் கால் மணியில் கேட்பவர் உண்மையிலேயே கேட்க வேண்டும், நடுவில் கேள்வி போட வேண்டும். தாத்தாக்கள் இதற்குத் தோதானவர்கள். அப்புறம், ஒரு விடுமுறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் போய் வாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்தின் மத்தியில் பல்சட்டம் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அதை அவனே உங்களுக்கு விளக்கட்டும், அன்றைக்கு அவன்தான் கைடு. ஹாரன் சத்தம் ஆகாது என்றால் காதுக்கு ஹெட்போன் மாதிரியான சத்தத்தடுப்பான் எடுத்துப் போங்கள்.

13 வயது மகள். நோட்டு நோட்டாகச் சிக்குக் கோலம் போடுகிறாள், ஒரு கோடு பிசகாது. ஆனால் வாசலில் போட மாட்டேன் என்கிறாள். மார்கழிப் போட்டியில் சேர்த்தால் தன்னம்பிக்கை வருமா?
— ஒரு தாய், கும்பகோணம்

முதலில் ஏன் வாசலுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று பாருங்கள். நான் பார்த்த சில பெண் பிள்ளைகளுக்குக் கோலமாவு விரலில் ஒட்டும் அந்த நறநறப்புதான் சிக்கல். சாக்பீஸ் கொடுத்ததும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலருக்குத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பது ஆகாது. அவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது.

போட்டியை அவள் கேட்டால் சேருங்கள். நீங்கள் ஆசைப்பட்டால் சேர்க்காதீர்கள். மைக் செட், ஒரு மணி நேரக் கெடு, குனிந்து பார்க்கும் ஐம்பது பேர், கடைசியில் யாரோ ஒருவர் தரும் மார்க். இத்தனை நாள் கோலம் அவளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது, ஒரே மாலையில் அது பரீட்சை ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா நோட்டைப் பார்த்து, “இந்த ஊடுபுள்ளிக் கோலத்தை எனக்கு எழுதிக் கொடு, நாளைக்கு எங்கள் வாசலில் போடுகிறேன்” என்று கேட்கட்டும். பரிசுக் கோப்பையை விட அது எத்தனையோ மடங்கு.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களில் கோலத்தின் அமைப்பை இலக்கண விதிகளாக எழுதி, கணினி அறிவியல் ஆய்வாகவே செய்தார்கள். “சும்மா கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள்” என்று சொல்லும் சித்தப்பாவுக்கும் இது பயன்படும்.

எனக்கு 29 வயது. போன வருடம்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. பள்ளியில் வண்ணத்துப்பூச்சி பற்றியே பேசுவேன், ‘பூச்சி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதோடு விட்டுவிட்டேன். இப்போது கவுன்சலர் “ஹாபி வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். எதுவும் பிடிக்கவில்லை.
— சென்னை வாசகி

உங்களுக்கு ஹாபி இல்லாமல் இல்லை, உங்களிடமிருந்து அதைப் பறித்திருக்கிறார்கள். இரண்டும் வேறு.

மற்றவர் மாதிரி நடந்துகொள்ள ஆட்டிசம் உள்ளவர்கள் முதலில் ஒளித்து வைப்பது பெரும்பாலும் பிடித்த விஷயத்தைத்தான். மருத்துவர்கள் கையில் இருக்கும் கையேடும் அளவு மீறிய ஈடுபாட்டை ஒரு அறிகுறியாகத்தான் பட்டியலிடுகிறது. டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை இதை வேறு பக்கமிருந்து பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல கிளையாகப் பிரியாமல் ஒரே வாய்க்காலில் வேகமாக ஓடும் என்றார்கள். அந்த வாய்க்காலை அடைத்துவிட்டு “எதிலும் ஆர்வமில்லை” என்று கேட்டால் எப்படி? மண்பாண்ட கிளாஸ், ஜும்பா நடனம் என்று புதிதாகத் தேடி அலைய வேண்டாம்.

சின்னதாக ஆரம்பியுங்கள். பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். நாலு தடவை தோலுரித்துப் பச்சையாக மாறும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். காலி மனையில் எருக்கு நின்றால் வெந்தய வரியனின் வரிப்புழு கிடைக்கும். ஆபீசில் மீட்டிங் முடிந்து மண்டை காய்ந்த நாளில் அந்த இலை முன்னால் இருபது நிமிடம் நில்லுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். தெம்பு வந்தபின் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போடுங்கள். முகம் தெரியாத யாரோ “ஆமாம், நீங்கள் சொன்ன இனம்தான்” என்று உறுதி செய்வார். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, குசலம் விசாரிக்க வேண்டியதில்லை, பேச்சு முழுக்கப் பூச்சி பற்றி மட்டும்தான். நமக்கு இதை விடத் தோதான கூட்டம் கிடைக்காது. தமிழ்நாடு அரசே 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சி ஆக்கிவிட்டது, பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு இதைத் தெரியப்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை. புழுவைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை, சாப்பாடு தூக்கமும் கெட்டு வாரக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அது ஹாபி விஷயம் இல்லை, மன அழுத்த நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலும் பேசலாம்.

6 வயது மகன் இன்னும் பேசவில்லை. குழாயைத் திறந்து தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்ப்பது ஒன்றுதான் அவன் வேலை. இவனுக்கெல்லாம் என்ன ஹாபி சார்?
— ஒரு தகப்பனார், தஞ்சாவூர் பக்கம்

நீங்களே எழுதிவிட்டீர்கள், தண்ணீர். அவன் திறக்கும்போதெல்லாம் நீங்கள் மூடுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் மூடாமல், வாளியில் அளந்து தண்ணீர் பிடித்து, நீங்களும் ஒரு சொம்போடு பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஊற்றும் உயரத்திலிருந்தே ஊற்றுங்கள். புனல், டீ வடிகட்டி, ஓட்டை போட்ட பாட்டில் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். பல பிள்ளைகள் மூன்றாம் நாள் நம் சொம்பைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், அது பேச்சின் ஆரம்பம். பிறகு செடிக்குத் தண்ணீர் விடுவது அவன் பொறுப்பாகலாம், தினமும் அதே வரிசையில். ஆகாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கண் மறைந்தால் தண்ணீரைத் தேடிப் போவது அதிகம், மூழ்கும் ஆபத்தும் அதிகம். உங்கள் பக்கம் வாய்க்கால், குளம் எல்லாம் வாசலிலேயே இருக்கும். கிணற்றுக்கும் சம்புக்கும் மூடி, கேட்டுக்குத் தாழ்ப்பாள். கூட்டமில்லாத நேரத்தில் நீச்சல் பழக்குங்கள். நீச்சல் வந்த பிறகும் கண் அவன் மேலேயே இருக்க வேண்டும்.

எந்தத் தேதி சொன்னாலும் என் மகன் கிழமை சொல்லிவிடுவான் (11 வயது). கல்யாண வீடுகளில் எல்லோரும் கேட்டு அசந்துபோகிறார்கள். இது அவனுக்கு நல்லதுதானே?
— சேலம்

அவனாகப் போய்ச் சொன்னால் நல்லது. கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டால் வித்தை காட்டுவது. வித்தியாசம் தெரிய ஒரு வழி: கிழமை சொல்லி முடித்ததும் அவர்கள் அவனிடம் வேறு ஏதாவது பேசுகிறார்களா, இல்லை உங்கள் பக்கம் திரும்பி “சூப்பர்ங்க” என்கிறார்களா? இரண்டாவது என்றால் அடுத்த கல்யாணத்தில் நீங்களே மறுத்துவிடுங்கள்.

மகன் செல்போனில் கேம் ஆடுவது ஹாபியா?
— பெயர் வேண்டாம்

ஆடி முடித்தபின் அதைப் பற்றி உங்களிடம் பேசுகிறானா, வரைகிறானா, அதில் எதையாவது கட்டுகிறானா? அப்படியானால் ஹாபி. நிறுத்தும்போதெல்லாம் வீடு ரணகளமாகிறது என்றால் ஐந்து நிமிட முன்னறிவிப்போடு ஆரம்பியுங்கள். பாதி ஆட்டத்தில் பிடுங்கினால் யாருக்கும்தான் கோபம் வரும்.

அக்காவுக்கு 31 வயது. நாணயம் சேர்க்கிறார். பிறந்தநாளுக்கு ரூ. 3,000-க்கு நினைவு நாணய செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். பிடிக்குமா?
— ஒரு தம்பி, மதுரை

வாங்குவதற்கு முன் அவர் எதைச் சேர்க்கிறார் என்று பார்த்தீர்களா? நம் நாணயங்களில் வருடத்துக்குக் கீழே, எந்த ஊர் நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் ஒரு சின்னக் குறி இருக்கும். வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. அக்கா ஒரே வருடத்து ஒரு ரூபாயை நாலு நாணயச்சாலையிலிருந்தும் தேடுகிறவராக இருந்தால், உங்கள் வெல்வெட் பெட்டி அலமாரியில் தூங்கும். எந்த வருடம், எந்தக் குறி குறைகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டிக்கடைக்காரரிடம் சில்லறை மாற்றித் தேடுங்கள். கிடைத்ததைச் சுற்றிக் கட்டாமல், சர்ப்ரைஸ் எதுவும் வைக்காமல், நேரடியாகக் கையில் கொடுங்கள். தேய்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள், சேகரிப்பவர்களுக்கு அது ஆகாது.