உருண்டைத் தூணில் குமிழ் வராமல் தேக்கு வெனீர் ஒட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் தர்மபுரியில் வீடு கட்டுகிறார். ஹாலில் 1 அடி விட்டத்தில் ஓர் உருண்டைத் தூண், அதை ஒட்டி அரைவட்ட மேடை. தேக்கு வெனீர், அதாவது மரத்தைச் சீவி எடுத்த மெல்லிய தாள், ஒட்ட ஆசை. ஆசாரியோ, "வளைவுல நிக்காதுங்க, குமிழ் கிளம்பிடும், மைக்கா போட்டுக்கலாம்" என்கிறாராம்.

நிற்கும். ஆனால் உங்கள் ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனதில் இருப்பது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 எம்.எம். வெனீர் ஷீட். அதில் மேலே இருக்கும் அரை மில்லிமீட்டர்தான் தேக்கு, கீழே இருப்பதெல்லாம் பிளைவுட். அதைத் தூணைச் சுற்றி மடக்கினால் முறுக்கு மாதிரி உடையும். உங்களுக்கு வேண்டியது பிளைவுட் இல்லாத வெறும் வெனீர், இல்லையென்றால் முதுகில் துணி போன்ற தாள் ஒட்டி வரும் ஃப்ளீஸ் பேக் வெனீர். கிருஷ்ணகிரியில் எல்லாக் கடையிலும் இருக்காது, நான் பெங்களூர் போய்த்தான் எடுத்து வருகிறேன்.

நான் இராயக்கோட்டை ரோட்டில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துப் பட்டறை. அவர் வெனீர் தொட்டதே இல்லை. ஆனாலும் நான் முதன்முதலில் கொண்டு வந்த தாளைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது ஒரு பக்கம்தான் சொன்ன பேச்சு கேட்குது" என்றார். விஷயம் அதுதான். வெனீர் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் மரம். மரத்தின் ரேகை நெட்டுக்குத்தாக நிற்க, தாள் பாய் சுருட்டுகிற மாதிரி சுருளும். ரேகையின் நீளவாக்கில் வளைத்தால் வில் போல் விறைத்துக்கொண்டு எழும்பும், பசை காய்வதற்குள் ஓரம் தூக்கிவிடும். ஆகவே தூணில் ரேகை மேலிருந்து கீழாக ஓடட்டும். கண்ணுக்கும் அதுதான் மரம் நிற்கிற மாதிரி தெரியும். 1 அடி விட்டம் என்றால் வெறும் தூணின் சுற்றளவு சுமார் 38 அங்குலம். மேலே பிளை சுற்றியதும் கொஞ்சம் கூடும், ஆனாலும் 4 அடி அகல ஃப்ளீஸ் ஷீட் ஒன்றே பெரும்பாலும் சுற்றி வந்துவிடும். இந்த வளைவுக்குத் தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம். நனைத்தால் மரம் குறுக்கே உப்பும், ஒட்டிக் காய்ந்த பிறகு சுருங்கி ஜாயின்ட் வாய் பிளக்கும்.

இனி, நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன். உங்கள் ஆசாரி சொல்லும் குமிழ் எங்கிருந்து வருகிறது என்று அதில்தான் கற்றேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு அரைவட்ட ரிசப்ஷன் கவுன்டர். முகூர்த்தத்துக்கு நாலே நாள் இருந்தது. மைக்காவுக்குப் பூசுகிற மஞ்சள் ரப்பர் பசையை வெறும் வெனீருக்கும் பூசி ஒட்டினேன். தொட்டதும் பிடித்துக்கொண்டது, கிளாம்ப் கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் பாலிஷ்காரர், பாலிஷுக்கு அடியில் பூசும் சீலரைத் தாராளமாக அடித்துவிட்டுப் போனார். காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கப் பொரிப் பொரியாக எழும்பியிருக்கிறது. மண்டபத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "என்னப்பா, கவுன்டருக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார்.

பாலிஷ்காரர் மேல் தப்பில்லை. வெனீர் முழுக்க மயிர்க்கால் போல் துளைகள். சீலரில் இருக்கும் தின்னர் அதன் வழியே இறங்கிப் பசையைத் தொடுகிறது. ரப்பர் பசையே அப்படியொரு திரவத்தில் கரைத்து வைத்ததுதான், தின்னர் பட்டதும் மறுபடி இளகிவிடுகிறது. மைக்காவில் தின்னர் இறங்க வழியில்லை, அதனால் அதே பசை அங்கே ஆயுசுக்கும் நிற்கிறது. போதாக்குறைக்கு ரப்பர் பசை கல்லாக இறுகுவதே இல்லை. பருவத்துக்குப் பருவம் மரம் நகரும்போது அதுவும் கூடவே நகர்ந்து கொடுக்கும். அன்றிலிருந்து வெறும் வெனீருக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான்.

உங்கள் தூண் சிமென்ட் என்று நினைக்கிறேன். சிமென்ட் மேல் நேராக ஒட்டாதீர்கள், ஈரம் வரும். சுற்றிலும் சட்டம் அடித்து, வளைகிற பிளைவுட்டான ஃப்ளெக்ஸி பிளை இரண்டு அடுக்கு சுற்றச் சொல்லுங்கள். முதல் அடுக்கின் ஜாயின்ட் மேல் இரண்டாம் அடுக்கின் ஜாயின்ட் வரக்கூடாது. ஃப்ளெக்ஸி பிளை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 8 அடிப் பக்கம் சுருள்வது ஒரு வகை, 4 அடிப் பக்கம் சுருள்வது இன்னொரு வகை. தூணுக்கு 8 அடி நேராக நிற்க வேண்டும், 4 அடிதான் சுருள வேண்டும். கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்குங்கள். பெயரை நம்பி வாங்கி ஒருமுறை லோடு ஆட்டோவுக்கு இரண்டு வாடகை கொடுத்தவன் நான்.

பிளையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு கண்ணை நம்பாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். ஓர் ஆணித்தலை, ஒரு மணல் பருக்கை இருந்தாலும் அரை மில்லிமீட்டர் வெனீர் அதை மறைக்காது. பாலிஷ் ஏறியதும் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஒட்டுவதற்கு வீட்டு இஸ்திரிப் பெட்டி போதும் (பழையதாகப் பாருங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்). பிளையிலும் வெனீரின் முதுகிலும் ஃபெவிகாலை ரோலரால் சன்னமாக, விடுபடாமல் பூசுங்கள். பசை ஈரத்தில் வெனீர் அப்பளம் மாதிரி சுருளப் பார்க்கும், முகப்பக்கம் ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் அடங்கிவிடும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் ஆகி, விரலில் ஒட்டாத அளவு காயட்டும். பிறகு தாளைத் தூணில் வைத்து, மேலே பிரவுன் பேப்பர் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மிதமான சூட்டில் தேயுங்கள். காய்ந்த ஃபெவிகால் சூட்டில் இளகும், ஆறினால் பிடிக்கும். பெட்டி நகர்ந்த இடத்தை உடனே ஒரு மழமழப்பான மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே பின்தொடர வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் செய்தால் ஆறுகிற நேரம் தப்பிவிடும். சூட்டில் வெனீர் கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஜாயின்டை முன்பே அளவாக வெட்டி வைக்காதீர்கள். அரை அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், அந்த இடத்தை மட்டும் ஒட்டாமல் விட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, துண்டுகளை உருவிவிட்டுச் சூடு போடுங்கள். ஜாயின்ட் எங்கே என்று நீங்களே தேடுவீர்கள்.

மேடையின் வெளி வளைவுக்கும் இதே முறைதான். குழிந்த உள் வளைவு இருந்தால், துணிப்பையில் சலித்த மணல் நிரப்பிச் சூடாக்கி, ஒட்டிய இடத்தில் சாத்தி ஆறும்வரை விடுவது பழைய வழி. மணல் குழிவுக்கேற்ப உட்கார்ந்துகொள்ளும். (ஆற்று மணல் இன்று வெனீர் விலை விற்கிறது என்பது வேறு கதை.) பெரிய பட்டறைகளில் ரப்பர் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுவார்கள், வெளிக்காற்றே சதுர அடிக்கு 900 கிலோ வரை அழுத்தும். ஒரு தூணுக்காக அதையெல்லாம் வாங்க வேண்டாம்.

கும்பம் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த வடிவம் வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். முழுத்தாளால் முடியாது. மாம்பழத்தைப் பேப்பரில் சுற்றினால் மடிப்பு விழாமல் இருக்கிறதா? ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள், கிண்ணம் மாதிரி அந்த வளைவு வருவது மூங்கிலைப் பிளந்து பின்னுவதால்தான். வெனீரையும் தர்பூசணிக் கீற்று போல நடுவில் அகன்று நுனியில் குறுகிய பட்டைகளாக வெட்டித்தான் ஒட்ட வேண்டும். கூலி மூன்று மடங்கு கேட்பார்கள், கேட்பது நியாயம்.

ஒட்டி ஒரு நாள் கழித்து விரல் நகத்தால் எல்லா இடமும் தட்டுங்கள். "டக்" என்றால் சரி, "பொத்" என்றால் உள்ளே காற்று. பாலிஷுக்கு முன் கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது. முதலில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பாருங்கள், பாதி அதிலேயே அடங்கும். அடங்காததற்கு ரேகையோடு ஒரு கீறல் போட்டு, மருந்து போடும் ஊசியில் ஃபெவிகால் ஏற்றி உள்ளே விட்டு, பிளாஸ்டிக் தாள் வைத்து, அதன் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி விடுங்கள். ஊசி வாங்கப் போகும்போது ஃபெவிகால் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். கொஞ்சம் தடிமனான ஊசியாகக் கேட்டதற்கு மெடிக்கல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், டப்பாவைக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்.