கேள்வி-பதில்: பத்து லிட்டர் பீர் ஏழு லிட்டர் ஆன கதை

கேள்வி: ஐயா, 23 லிட்டர் பீருக்கான செய்முறையை 10 லிட்டராகக் குறைத்து, மால்ட் (முளைகட்டிக் காய வைத்த பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்கும் மணத்துக்கும் போடும் பூ), தண்ணீர் எல்லாவற்றையும் வகுத்துத்தான் போட்டேன். கடைசியில் 330 மில்லி போத்தல் 16தான் நிறைந்தது. கசப்பும் தாங்கவில்லை. சட்டி, வாளி எல்லாம் பெரிய செட்டோடு வந்தவை. எங்கே பிழை? – சிங்கப்பூர், ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, எல்லாம் வகுத்தீர்கள். ஆவியை வகுக்க முடியாதே!

சட்டியின் வாய் எவ்வளவு அகலம், அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆவி போகும். உள்ளே இருப்பது 26 லிட்டரா 10 லிட்டரா என்று அது பார்ப்பதில்லை. மணிக்கு 3 லிட்டர் போகிற சட்டியில் 26 ஊற்றினால் 23 மிஞ்சும். 10 ஊற்றினால் 7. பத்து லிட்டருக்குப் போட்ட ஹாப்ஸ் முழுவதும் அந்த ஏழில் இறங்கினால் கசக்காமல் என்ன செய்யும்? அப்புறம் நொதிக்க வைக்கும் வாளியின் குழாய். அது அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருப்பதால், ஒரு லிட்டருக்கும் மேல் வண்டலோடு கீழேயே தங்கிவிடும். பீரின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டருக்கென்று மூன்று தடவை 100 மில்லி எடுத்திருப்பீர்கள். கூட்டிப் பாருங்கள், உங்கள் 16 போத்தல் கணக்கு வந்துவிடும்.

முதலில் வெறும் தண்ணீர் 10 லிட்டரை அரை மணி நேரம் கொதிக்க விட்டு, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். என் மரக்கரண்டிக் காம்பில் லிட்டருக்கு ஒரு கோடு கத்தியால் கீறி வைத்திருக்கிறேன். சட்டியில் நட்டமாக நிறுத்தினால் போதும். (ஒருநாள் அது சாம்பாருக்குப் போய்விட்டது. ஹாப்ஸ் வாசனைச் சாம்பாரை வீட்டில் யாரும் பாராட்டவில்லை.)

பெரிய சட்டியை விட்டுவிட்டு, வாய் ஒடுங்கிய 12 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் 9 லிட்டருக்கு உலர் மால்ட் தூள் 1 கிலோ, கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் 15 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுவேன். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, ஏற்கெனவே கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவேன். ஆல்கஹால் ஏறத்தாழ 4 விழுக்காடு வரும். சின்னச் சட்டியில் ஒரு சுகம், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் கொட்டி உட்கார வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். 23 லிட்டரை வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஆற வைத்துப் பார்த்தவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

கேள்வி: 30 லிட்டர் வாளியில் 9 லிட்டர் ஊற்றினால் மேலே இருக்கும் காற்றில் பீர் கெட்டுப்போகாதா? ஈஸ்ட்டையும் பாதிதான் போட வேண்டுமா?

பதில்: கெடாது. ஒரு கிலோ மால்ட் நொதிக்கும்போது நூறு லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும். காற்றை அதுவே ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) வழியாக வெளியே தள்ளிவிடும். குமிழி நின்றபிறகு “கொஞ்சம் பார்ப்போமே” என்று மூடியைத் திறக்கிறீர்கள் பாருங்கள், கெடுவது அப்போதுதான். இன்னொரு பெரிய வாளிக்கு மாற்றவும் வேண்டாம்.

11.5 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தை முழுக்கவே போட்டுவிடுங்கள். ஈஸ்ட் கொஞ்சம் கூடினால் குற்றமில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுக் கவலைப்படுவதைவிட அது மேல்.

கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றி. 30 டிகிரியில் விட்டால் சாயம் கரைக்கும் தின்னர் மாதிரி வாடை வரும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைய வைத்த அரை லிட்டர்ப் போத்தல் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். 20 டிகிரியை ஒட்டி நின்றால் போதும்.

கேள்வி: நுரை வருவதற்காகப் போத்தலில் போடும் சீனிக்கு என்ன கணக்கு?

பதில்: லிட்டருக்கு 6 கிராம். செய்முறைத் தாளில் இருக்கும் அளவை மறந்துவிட்டு, வாளியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறதோ அதற்குப் போடுங்கள். நான் ஒருமுறை ஏதோ நினைப்பில் 23 லிட்டருக்கான 140 கிராமையும் 8 லிட்டரில் கரைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் நடு இரவில் மேசைக்குக் கீழே மூன்று போத்தல் வெடித்தன. கண்ணாடித் துண்டு ஒன்று அரிசிப் பானையின் மூடியில் குத்தி நின்றது. அதிலிருந்து கிராம் தராசு இல்லாமல் சீனியைத் தொடுவதில்லை.

கேள்வி: இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா? திருச்சியில் என் மச்சானும் செய்ய ஆசைப்படுகிறார்.

பதில்: சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர், சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் செய்யலாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. 23 லிட்டர் ஒரே தடவை போட்டால் அந்த மாதம் அதோடு சரி. 9 லிட்டர் என்றால் மூன்று வகை பார்க்கலாமே! தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சினால் குற்றம். மச்சான் இங்கே வரும்போது இரண்டு போத்தல் குளிர வைத்துக் கொடுங்கள். அடி வண்டலை மட்டும் கிளாசில் ஊற்றிவிடாதீர்கள்.